பட்ஜி முதல் சாம்பல் கிளி வரை: சிங்கப்பூர் வீடுகளுக்கான பெல்லட் தீவன வழிகாட்டி

கிளி வளர்க்கும் இருவர் சந்தித்தால் பேச்சு விரைவிலேயே "எந்தப் பெல்லட் நல்லது?" என்ற கேள்விக்கு வந்துவிடும். பெல்லட் என்பது பல சத்துகளை அரைத்து ஒன்றாக்கிச் செய்த துண்டுத் தீவனம். ஒருவர் அமெரிக்கப் பெயர் ஒன்றைச் சொல்வார். மற்றவர் பெல்ஜியத்துப் பையைத் தூக்கிப் பிடிப்பார். பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. பறவை என்ன இனம், எத்தனை கிராம், திறந்த பை எத்தனை நாளில் தீரும், வீட்டில் வேறு யார் யார் அதற்கு என்ன ஊட்டுகிறார்கள் என்ற நான்குக்கும் விடை தெரிந்தால், கடை அலமாரியில் நிற்கும் பைகளில் பாதி தாமாகவே கழிந்துவிடும். மீதியில் எதை எடுத்தாலும் பெரிய தவறு நேராது.

முதலில், விதைக்கிண்ணத்தில் என்ன குறை?

தினையும் சாமையும் சூரியகாந்தி விதையும் கலந்த பை மலிவு. பறவையும் ஆவலோடு தின்கிறது. பிறகு எதற்காக மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கிளிக்கு நெல்லும் பழமும்தான் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்து குறைவு, அதே நேரத்தில் பாஸ்பரஸ் அதிகம். இந்த ஏறுமாறான விகிதம் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடுவதில்லை. உடைத்த சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழ பாதி எடை கொழுப்பு. நாள் முழுக்கப் பறந்து இரை தேடும் காட்டுக் கிளிக்கு அந்தக் கொழுப்பு எரிந்துபோகும். வீட்டு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், கூண்டின் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தாவுவதையே பெரிய உடற்பயிற்சியாகக் கொண்ட கிளிக்கு அது கல்லீரலில் போய்ப் படியும்.

"எங்கள் விதைப் பையில் வைட்டமின் சேர்த்திருக்கிறார்களே" என்பார்கள். பெரும்பாலும் அந்தச் சத்து விதையின் மேல்தோலில் பூசப்பட்டிருக்கும். கிளி தோலை உரித்துக் கீழே போட்டுவிட்டுப் பருப்பை மட்டும் தின்னும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வைட்டமின் கூண்டுத் தட்டில் கிடக்கும்.

குறைபாடு இனத்துக்கு இனம் வேறு முகம் காட்டும். நம்மவர்கள் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜிகளுக்கு அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பி வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். மூச்சோடு சேர்ந்து மெல்லிய கீச்சொலி வரும். கொழுப்புக் கட்டிகளும் பட்ஜிகளில் சகஜம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி வலிப்பு வரும். வைட்டமின் ஏ குறைந்த எந்தக் கிளிக்கும் மூக்கு, வாய், மூச்சுப் பாதையின் உட்தோல் தடித்துக் கெட்டுப்போகும். நோய்க்கிருமிகள் எளிதாக உள்ளே நுழையும். புகைமூட்டக் காலத்தில் இந்த ஊரில் அதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

பெல்லட் இந்தச் சிக்கலுக்கு எளிய விடை. தானியம், பயறு, காய்கறித் தூள், வைட்டமின், தாதுக்கள் அனைத்தையும் அரைத்து ஒன்றாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரே சத்து இருக்குமாறு செய்த தீவனம் அது. பிடித்ததைப் பொறுக்கித் தின்று மற்றதை ஒதுக்கும் தந்திரம் அங்கே பலிக்காது.

ஆனால் பெல்லட்டை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாய், பூனை உணவுக்கு இருப்பதுபோல் எல்லாரும் ஏற்றுக்கொண்ட சத்து அளவுகோல் கிளிகளுக்கு இல்லை. கோழித் தீவன அறிவிலிருந்தும், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1980களில் காக்கட்டீல் என்ற சிறு கிளிகளை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்தும் பெரும்பகுதி வந்தது. வளரும் காக்கட்டீல் குஞ்சுக்கு உணவில் 20 விழுக்காடு புரதம் தேவை என்று அங்குக் கண்டார்கள். அந்த ஆய்வில் ஈடுபட்ட டாம் ரவுடிபுஷ்ஷின் பெயரில்தான் இன்று ஒரு பெல்லட் விற்கிறது. காக்கட்டீலுக்குப் பொருந்துவது 350 சொச்சம் கிளி இனங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவேதான் இனத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படி 1: இனத்தைப் பார்த்துப் பங்கை முடிவு செய்யுங்கள்

சாம்பல் கிளி, அமேசான், கொன்யூர், காக்கட்டூ போன்ற கிளி இனங்களுக்கு நாள் உணவில் 60 முதல் 80 விழுக்காடு பெல்லட், மீதி காய்கறியும் கீரையும் சிறிது பழமும் என்பது பறவை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. நம் பச்சைக்கிளிக்கும் இதுவே பொருந்தும்.

பட்ஜிக்கும் காக்கட்டீலுக்கும் கணக்கு வேறு. இவை ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் புல்விதை தின்று வாழ்ந்தவை. முழுக்க முழுக்கப் பெல்லட் கொடுத்தால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடலாம் என்று கருதும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ பாதி பெல்லட், கால் பங்கு தினை வகை விதைகள், கால் பங்கு கீரையும் காய்கறியும் என்று வைத்துக்கொள்வது நிதானமான வழி. விதையை அடியோடு நிறுத்தினால்தான் நல்ல வளர்ப்பாளர் என்ற கண்டிப்பு பட்ஜி விஷயத்தில் தேவையற்றது.

சில விதிவிலக்குகள் உண்டு. லோரி வகைக் கிளிகள் தேனும் மகரந்தமும் உண்பவை. நாக்கின் நுனி தூரிகைபோல் இருக்கும். பழைய ஜூரோங் பறவைப் பூங்காவில் கிண்ணத்தில் தேன்பாகு ஏந்தி நின்றவர்களுக்கு அந்த நாக்கு நினைவிருக்கும். அவற்றுக்குச் சாதாரணக் கிளிப் பெல்லட் ஆகாது. இரும்புச் சத்து குறைந்த தனி உணவு வேண்டும், இல்லையென்றால் கல்லீரலில் இரும்பு தேங்கும். மக்காவுக்கு வைட்டமின் டி3 மிகுந்தால் நஞ்சாகும். எக்லெக்டஸ் கிளி வளர்ப்பவர்கள் பெல்லட் பங்கைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது வழக்கம். எந்த அளவு என்பதை மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். தானாகத் தின்னப் பழகாத குஞ்சுக்கும், சிறுநீரக நோயுள்ள பறவைக்கும் இந்த வழிகாட்டி பொருந்தாது.

படி 2: தீவனத்துக்கு முன் தராசு வாங்குங்கள்

சமையலறையில் மாவு நிறுக்கும் மின்னணுத் தராசு போதும். கிராம் கணக்கில் காட்ட வேண்டும்; பட்ஜிக்கு 0.1 கிராம் வரை காட்டினால் இன்னும் நல்லது. மேலே ஒரு சிறு தாங்கியை வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பறவையை ஏற்றுங்கள். தினமும் காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீவனம் வைப்பதற்கு முன்பு நிறுங்கள். நேரம் மாறினால் எண்ணும் மாறும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பட்ஜி 30 முதல் 40 கிராம் இருக்கும். காக்கட்டீல் 80 முதல் 110 வரை. பச்சைக் கன்னக் கொன்யூர் 60 முதல் 80, சாம்பல் கிளி 400 முதல் 550 வரை. பொது எண்ணைவிட உங்கள் பறவையின் சொந்த எண்ணே முக்கியம். ஒரு வாரம் நிறுத்துச் சராசரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீவனம் மாற்றும்போது அந்தச் சராசரியிலிருந்து பத்தில் ஒரு பங்கு இறங்கினால் மாற்றத்தை உடனே நிறுத்திப் பழைய உணவைக் கொடுத்து மருத்துவரை அழைக்க வேண்டும். 35 கிராம் பட்ஜிக்கு அது வெறும் மூன்றரை கிராம். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது; இறகு உப்பியிருந்தால் மெலிந்த பறவையும் கொழுத்ததுபோல் தோன்றும்.

மாற்றம் தொடங்குமுன் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நோயை மறைத்து வைத்திருக்கும் பறவைக்கு உணவு மாற்றம் தாங்காது. சிங்கப்பூரில் எல்லா விலங்கு மருத்துவமனைகளிலும் பறவைக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பதில்லை, எனவே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 3: பையைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள்

முன்பக்கம் வண்ணக் கிளி சிரிக்கும். வேலை பின்பக்கத்தில் இருக்கிறது.

முதலில் "முழு உணவு" என்று போட்டிருக்கிறதா, "துணை உணவு" என்றா என்று பாருங்கள். ஐரோப்பியப் பைகளில் இந்த வேறுபாடு தெளிவாக அச்சாகியிருக்கும். துணை உணவை நாள் முழுக்கக் கொடுக்கக் கூடாது.

அடுத்து, செய்முறை. அமெரிக்கக் கடைப் பெல்லட்களில் பெரும்பாலானவை தானிய மாவை நீராவியிலும் உயர்ந்த வெப்பத்திலும் வேகவைத்து அச்சுத் துளை வழியாகப் பிதுக்கிச் செய்தவை. மாவுச்சத்து நன்றாக வெந்திருப்பதால் செரிமானம் எளிது, கிருமிகளும் அழியும். வெப்பத்தில் இழந்த வைட்டமின்களைப் பிறகு ஈடுகட்டுவார்கள். இரண்டாவது வகை குறைந்த வெப்பத்தில் அழுத்திச் செய்தவை. டாப்ஸ் என்ற பெயரில் விற்கும் பெல்லட் இந்த வகை. அதில் செயற்கை வைட்டமின் சேர்ப்பதில்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வைட்டமின் டி3 தாவரப் பொருள்களில் கிடைப்பதில்லை. காட்டுக் கிளி அதை வெயிலில் உண்டாக்கிக்கொள்ளும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். 14ஆம் மாடி வீட்டுக் கூடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் பயனில்லை. வெயில் படாத பறவைக்கு டி3 சேர்த்த பெல்லட்டையே நான் பரிந்துரைப்பேன். டாப்ஸ் கொடுக்க ஆசைப்பட்டால் அதையும் டி3 உள்ள இன்னொன்றையும் கலந்து கொடுக்கலாம்.

புரதம், கொழுப்பு எண்களுக்கு வருவோம். வளர்ந்த, குஞ்சு பொரிக்காத கிளிக்கு 11 முதல் 15 விழுக்காடு புரதமும் 4 முதல் 7 விழுக்காடு கொழுப்பும் போதுமானவை. 18, 20 என்று புரதமும் இரட்டை இலக்கத்தில் கொழுப்பும் காட்டும் பைகள் குஞ்சு வளர்ப்பு, நோயிலிருந்து மீளும் காலம், விதையிலிருந்து மாறும் முதல் மாதங்கள் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை. ஹாரிசன்ஸ் நிறுவனத்தின் "ஹை பொட்டன்சி" இப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் "அடல்ட் லைஃப்டைம்" நாள்தோறும் கொடுப்பதற்கானது. இரண்டின் பையும் ஒரே குடும்பச் சாயலில் இருப்பதால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்கள். "அதிகச் சத்து" என்ற சொல்லைப் பார்த்து ஆண்டு முழுக்க முதலாவதையே கொடுத்தால் பட்ஜி உருண்டையாகிவிடும்.

நிறம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான பெல்லட்டைப் பார்த்து மயங்குவது நாம்தான். நிறமி சேர்த்த பெல்லட் எச்சத்தையும் நிறம் மாற்றும். பறவைக்கு உடல்நலம் கெட்டால் முதல் அறிகுறி எச்சத்தில்தான் தெரியும். அந்தச் சாளரத்தை நாமே சாயம் பூசி மூடிக்கொள்வானேன்? ஜுப்ரீம் நிறுவனம் "ஃப்ரூட்பிளெண்ட்" என்று பழ வடிவத்தில் வண்ணமாகவும், "நேச்சுரல்" என்று நிறமில்லாமலும் விற்கிறது. விதையை விட மறுக்கும் பறவையை முதலில் இழுக்க வண்ணம் உதவினால் சில வாரங்களுக்குக் கொடுங்கள், பிறகு நிறமில்லாததற்கு மாறிவிடுங்கள். மூலப்பொருள் பட்டியலின் முதல் ஐந்துக்குள் சர்க்கரை இருந்தால் பையைத் திரும்ப வைத்துவிடுவது நல்லது. கெடாமல் காப்பதற்கு டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, பயன்படுத்தியிருந்தால் மகிழ்ச்சி. எத்தாக்ஸிகுவின் என்றிருந்தால் நான் வாங்க மாட்டேன். சோளமும் சோயாவும் முதலிடத்தில் இருப்பதைப் பெரும் குற்றம்போல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பல நல்ல பெல்லட்களிலும் அவை உண்டு. அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

அளவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பட்ஜிக்குக் கேழ்வரகு முதல் கடுகு வரையிலான பருமன். காக்கட்டீலுக்கும் சிறு கொன்யூருக்கும் துவரம்பருப்புப் பருமன். கொண்டைக்கடலை அளவு, காலால் பிடித்துத் தின்னும் பெரிய கிளிகளுக்கு. ஹாரிசன்ஸில் "சூப்பர் ஃபைன்", வெர்சலே லாகா நிறுவனத்தின் நியூட்ரிபேர்டில் "பி14" என்பவை பட்ஜிக்கானவை. அதே நியூட்ரிபேர்டில் "ஜி14" நடுத்தரக் கிளிகளுக்கு, "பி15" பெரிய கிளிகளுக்கு. முதல் பியும் கடைசிப் பியும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள். கடைக்காரரிடம் வாயால் சொல்லாமல் பையிலுள்ள படத்தைக் காட்டிக் கேளுங்கள். "பட்ஜி பெல்லட்டைத் தொடவே இல்லை" என்று புலம்பும் வீடுகளில் கிண்ணத்தை எட்டிப் பார்த்தால் பல நேரம் அதன் அலகுக்குள் நுழையாத உருண்டைகள் கிடக்கும்.

படி 4: ஆறு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்

திறந்த பையை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இதை வைத்துப் பை அளவைக் கணக்கிடலாம். ஒரு பட்ஜி நாளுக்கு ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி தின்னும். எடையில் ஐந்தாறு கிராம். அதில் பாதி பெல்லட் என்றால் இரண்டு பட்ஜிகளுக்கு ஆறு வாரத்துக்கு 250 கிராம் போதும். சாம்பல் கிளி 30, 40 கிராம் தின்னும்; ஒன்றரைக் கிலோ ஆகும். பெரிய பையில் கிலோவுக்கு எத்தனை வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டு இரண்டு பட்ஜிக்கு மூன்று கிலோ வாங்குபவர் கடைசி இரண்டரைக் கிலோவைப் பூஞ்சைக்கு வாங்குகிறார். நண்பர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆனால் திறந்த அன்றே பிரித்துவிடுங்கள்.

நிறுவனத்தின் மூடிய பையாகவே வாங்குங்கள். கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து, நாளும் பெயரும் இல்லாத நெகிழிப் பையில் கட்டி விற்பது மலிவாகத்தான் இருக்கும். அது எப்போது திறக்கப்பட்டது, எந்தக் கரண்டியால் அள்ளப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. இணையத்தில் வாங்கினால் காலாவதி நாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்பத் தயங்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள். ஜோகூரில் மலிவு என்று பை தூக்கிவர நினைப்பவர்கள், தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் 2019 முதல் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் விதிகளை முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

பாட்டுப் பறவைக்காரர்கள் கூடும் பேட்டைக் கடைகளில் வாங்கும்போது இன்னொரு கவனம் தேவை. அங்கு அடுக்கியிருக்கும் தூள் தீவனங்கள் பெரும்பாலும் பூச்சி தின்னும் பறவைகளுக்கானவை. பூச்சி தின்னும் பாட்டுப் பறவையின் உணவு உங்கள் கொன்யூருக்கு உணவாகாது.

படி 5: ஈரக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

இந்த ஊரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டையொட்டி நிற்கிறது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட "உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்ற வாசகத்துக்கு நம் சமையலறையில் ஒத்த இடம் குளிர்பதனப் பெட்டி ஒன்றுதான். ஒரு வாரத்துக்கானதைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் வெளியே வையுங்கள். மீதியைப் பையிலிருந்து காற்றை வெளியேற்றி மூடிக் குளிர்பதனப் பெட்டியிலோ உறைபெட்டியிலோ வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பை அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள், இல்லையேல் குளிர்ந்த பெல்லட்டின்மேல் நீர் பூத்து, எதற்குப் பயந்தோமோ அதுவே நடக்கும்.

ஊசல் நாற்றம், பெல்லட்டுகள் ஒட்டிக்கொள்வது, நூலாம்படை, சிறு வண்டு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையைக் கொட்டிவிடுங்கள். உறையவைத்தால் வண்டு சாகும், பூஞ்சை விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. தோலோடு விற்கும் வேர்க்கடலையிலும் இதே ஆபத்து இருப்பதால் அதைக் கிளிக்குக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. நனைத்த பெல்லட்டை இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நம் வெயிலில் அது அதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும்.

படி 6: விதையைக் கூலியாக்குங்கள்

இதுதான் நீண்ட படி. பல வீடுகள் இங்கேதான் கைவிடுகின்றன.

பட்ஜியின் கண்ணுக்குப் பெல்லட் உணவே அல்ல. கிண்ணத்தில் கிடக்கும் கல். "பசித்தால் தின்னும்" என்று விதையை ஒரேயடியாக எடுத்துவிட்டால் அது தின்னாமலே இறந்துபோகலாம். ஓரிரு நாள் பட்டினியே இவ்வளவு சிறிய உடலுக்கு ஆபத்து. நாய்க்குச் செய்யும் பிடிவாதத்தைப் பறவையிடம் காட்டாதீர்கள்.

முதல் வாரம் விதையின் அளவைக் குறைக்காமல், பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் பெல்லட் வையுங்கள். பழக்கப்படட்டும். பிறகு நாள் முழுக்கக் கிடந்த விதையைக் காலை, மாலை என்று இரண்டு நேரமாக்குங்கள். காலையில் கண்விழித்ததும் பசி அதிகம். முதல் ஒரு மணி நேரம் பெல்லட் மட்டும் இருக்கட்டும், அதன் பிறகு விதை. பெரிய கிளிகள் பல இந்த ஏற்பாட்டிலேயே வழிக்கு வந்துவிடும், குறிப்பாக வீட்டார் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டைக் கடிப்பதுபோல் பாசாங்கு செய்தால். கூட்டமாக வாழும் பறவைக்கு அடுத்தவர் தின்பதே சான்றிதழ்.

பட்ஜிக்குத் தனித் தந்திரங்கள் உண்டு. அது தரையில் மேய்வது; கிண்ணத்தைவிடத் தட்டையான பரப்பை நம்பும். பெல்லட்டைப் பொடித்து முகம் பார்க்கும் சிறு கண்ணாடியின்மேல் தூவி வையுங்கள். உள்ளே தெரியும் பறவை கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தும். இல்லையென்றால் விதையைச் சில துளி நீரில் ஈரப்படுத்திப் பெல்லட் தூளில் புரட்டுங்கள்; உரிக்கும்போது சுவை நாக்கில் ஒட்டும். தூளின் பங்கை வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போகலாம். ஏற்கெனவே பெல்லட் தின்னும் பட்ஜி ஒன்றை அடுத்த கூண்டில் வைக்க முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். புதிய பறவை என்றால் ஒரு மாதமாவது தனி அறையில் வைத்து நோயில்லை என்று உறுதி செய்த பிறகே அருகில் கொண்டுவாருங்கள்.

லிட்டில் இந்தியாவில் கிளி ஜோதிடம் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம்: கிளி வெளியே வரும், சீட்டை எடுக்கும், ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போகும். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின் காலிறுதி முடிவுகளைச் சரியாகச் சொல்லி உலகச் செய்தியான சிங்கப்பூர் ஜோதிடக் கிளி மணிகூட இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தைக் காட்டிச் சறுக்கியது. ஜோதிடம் எப்படியோ போகட்டும், அந்த நெல்மணி ஏற்பாடு பொன்னானது. விதை உணவாக இருந்தால் பறவைக்கு அதன் மதிப்பு தெரியாது. விதை கூலியானால் கையில் ஏறும், தராசில் நிற்கும், கூண்டுக்குத் தானே திரும்பும். தினைக்கதிர், சூரியகாந்தி இரண்டையும் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு இனி உங்கள் விரல் நுனியில் மட்டும் வையுங்கள். எடை நிறுப்பதும் அதன் பிறகு போராட்டமாக இருக்காது.

எத்தனை நாள் ஆகும்? சில கொன்யூர்கள் ஒரே வாரத்தில் மாறிவிடும். விதையிலேயே வளர்ந்த முதிர்ந்த பட்ஜிக்குப் பல மாதம் ஆகலாம். எடை நிலையாக இருக்கும்வரை அவசரம் இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்: வீட்டில் எல்லாரிடமும் பேசுங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் தாத்தா முறுக்கை உடைத்து நீட்டுவார். இல்லப் பணிப்பெண்ணுக்குக் கிண்ணம் காலியாக இருப்பது பாவமாகத் தோன்றும், விதையை நிரப்பிவிடுவார். இருவரும் அன்பால்தான் செய்கிறார்கள். நாளுக்கு எவ்வளவு விதை என்பதை ஒரு சிறு டப்பாவில் அளந்து வைத்து, "இது தீர்ந்தால் இன்று அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டால் சண்டை இல்லை. தாத்தாவின் கையிலும் முறுக்குக்குப் பதில் ஒரு தினைக்கதிரைக் கொடுத்துவிடுங்கள்.

படி 7: தட்டைப் பாருங்கள்

கூண்டுத் தட்டில் வெள்ளைத் தாள் விரியுங்கள். விதை தின்னும் பறவையின் எச்சம் கரும்பச்சையாகச் சிறிதாக இருக்கும்; பெல்லட் தின்னத் தொடங்கினால் பழுப்பாகிப் பருமனும் ஈரமும் கூடும். இது நல்ல அடையாளம். பறவை கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதும் இயல்பே. எச்சத்தின் எண்ணிக்கை சட்டென்று குறைந்து, கறுத்து, நூல்போல் மெலிந்தால் அது தின்னவில்லை என்று பொருள். கிண்ணம் குறைந்திருப்பதை நம்பாதீர்கள். பெல்லட்டைக் கடித்துப் பொடியாக்கிக் கீழே தள்ளுவதில் கிளிகள் கெட்டிக்காரர்கள்.

படி 8: மிச்சப் பங்குக்குத் தேக்கா சந்தைக்குப் போங்கள்

முருங்கைக்கீரைக்கு இணையாக இறக்குமதிச் சரக்கு எதையும் நான் சொல்ல மாட்டேன். வைட்டமின் ஏ உடலில் உருவாகத் தேவையான சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இரண்டுமே அதில் உண்டு. கொத்தாகக் கட்டிக் கூண்டில் தொங்கவிட்டால் அரை நாள் பொழுதும் போகும். கைலான், சாய் சிம் என்ற சீனக் கீரைகள், கேரட், பரங்கி, ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி எல்லாம் ஈரச் சந்தையில் மலிவு. முளைக்கீரையிலும் பசலையிலும் ஆக்சலேட் இருப்பதால் அவை சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஓரிரு முறை போதும். சிவப்பு மிளகாயைக் கிளி மிட்டாய்போல் தின்னும். காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு நம்மைப்போல் இல்லை, ஆகவே பயப்பட வேண்டாம். பழுத்த கோவைக்காய் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

அவகாடோ, சாக்லெட், வெங்காயம், கோப்பி, மது ஆகியவை நஞ்சு. உப்பும் எண்ணெயுமான மிக்சர், ஓமப்பொடி வகைகள் மெல்லக் கொல்பவை.

பெல்லட்டே நாள் உணவில் பெரும்பகுதியானபின் தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலக்காதீர்கள். கொழுப்பில் கரையும் ஏ, டி வைட்டமின்கள் உடலில் தேங்கி நஞ்சாகும். கணவாய் ஓடு கூண்டில் இருக்கலாம், வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். மணல், கல்தூள் தேவையில்லை. கிளிகள் விதையை உரித்துத் தின்பவை, அரைக்கக் கல் வேண்டாம். அதிகம் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

படி 9: ஊருக்குப் போகுமுன்

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ பயணம் இருந்தால் அதற்கு முந்தைய மாதத்தில் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். இடம் மாறும் பதற்றத்தில் பறவை புதிய உணவை முற்றிலும் ஒதுக்கிவிடும். பாதி வழியில் இருந்தால் அந்தப் பங்கிலேயே நிறுத்தி வையுங்கள். பறவையை விட்டுச்செல்லும் இடத்தில் என்ன பெல்லட் கொடுப்பார்கள் என்று கேட்காமல் உங்களுடையதையே நாள் வாரியாகப் பிரித்துப் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள். கூடவே தராசும், எடைக் குறிப்பேடும், மருத்துவரின் தொலைபேசி எண்ணும். எந்த எடைக்குக் கீழே போனால் உடனே கூப்பிட வேண்டும் என்ற எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.